எடைக்குப் போடும் முன் அந்த இசைத்தட்டைப் பாருங்கள்



போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து ஒரு பழைய இசைத்தட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? “பாட்டெல்லாம் செல்போனிலேயே இருக்கிறதே” என்று பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் பாட்டுக் கேட்ட கதை அதில் இருக்கிறது.

1986இல் வெளிவந்த ‘மௌன ராகம்’ இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். மணிரத்னம் இயக்கிய படம், இசை இளையராஜா. ஐந்து பாடல்களையும் எழுதியவர் வாலி. பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும். பாட்டு இன்றும் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தட்டு யார் யார் கைக்குப் போனது என்பதைச் செல்போன் சொல்லாது.

அப்போது விருத்தாசலம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கடலூர் மாவட்டம் பிரிந்தது 1993இல்தான். நம்மைப் போன்ற ஊர்களில் ரெக்கார்டு பிளேயர் இருந்த வீடுகள் குறைவு. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ரேடியோ செட்டுக்காரர் தட்டைப் போட்டால், குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெருவே கேட்டது. கேசட் வந்தபின், பதிவுக் கடையில் பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்தால் தட்டிலிருந்து பதிந்து தந்தார்கள். ஒரே தட்டிலிருந்து எத்தனையோ வீடுகளுக்குக் கேசட் போனது.

அதனால்தான் பழைய தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. இதில் பீங்கான் ஊர்க்காரர்களான நமக்கு ஒரு தனிச் செய்தியும் உண்டு. விலை குறைந்த பிளேயர்களில் ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றியது ஒரு சிறு பீங்கான் துண்டு. அழுத்தினால் மின்சாரம் தரும் பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான் அது. அதற்கு முன் பயன்பட்ட ரோஷெல் உப்புப் படிகம் வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும், பீங்கான் தாங்கும். ஆனால் உயர்ரகக் காந்த ஊசியைவிட இது தட்டை அதிகமாக அழுத்தியது. தட்டும் சீக்கிரம் தேய்ந்தது. கீறலில் ஊசி பின்னுக்குத் தாவினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். சொன்னதையே சொல்பவரை ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்கிறோமே, அது இப்படி வந்ததுதான்.

தட்டு சேகரிப்பவர்கள் கீறலில்லாத தட்டுக்கே நல்ல விலை தருவார்கள். நமக்கோ உறையில் பேனாவால் எழுதிய கடைப் பெயரும், வாங்கிய தேதியும், பாட்டுக்குப் பக்கத்தில் போட்ட டிக் குறியும்தான் முக்கியம். எந்தப் பாட்டை ஊர் விரும்பிக் கேட்டது என்பதற்கு வேறு பதிவேடு கிடையாது.

பாதுகாப்பது கடினமில்லை. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு வினைல் வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிற்க வையுங்கள். மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். அதற்கும் முந்தைய 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. கீழே விழுந்தால் உடையும், ஸ்பிரிட் பட்டால் கரையும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் தட்டைக் காட்டி, யார் வாங்கியது, எங்கே வாங்கியது, எந்தக் கல்யாணத்தில் போட்டார்கள் என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். தட்டு இன்னும் பல ஆண்டுகள் கிடக்கும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.