எதிரொலியை விழுங்கிய மெத்தைகள்

ரந்தாவ் தோட்டத்துப் பலகை வீட்டுச் சுவர் ஒலியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். செங்கல் சுவரோ திருப்பி அனுப்பிவிடும். வீட்டு அறையில் பாட்டுப் பதிவு செய்ய முனையும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் முதல் யோசனை, முட்டை அட்டை ஒட்டுவது. அது வீண். தீ வேறு பிடிக்கும்!

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை விநாடி சுற்றியது. வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கினார். ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, அது அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட, எதிரொலி ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது.

ஒலியைச் சிதறடிக்கும் பள்ளப் பலகை 1975-இல் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் கணக்கிட்டது. சிற்றறைக்கு அது அதிகம். மரச்சட்டத்தில் நான்கு அங்குல ராக்வூல், மேலே துணி, சுவருக்கும் சட்டத்துக்கும் சிறிது இடைவெளி. முதலில் மூலைகளில் வையுங்கள்.