ஜார்ஜியா ஒயின் டூர்: கூட்டம் போகாத சின்ன ஒயினரிகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜார்ஜியா என்றதும் அமெரிக்க மாகாணத்தை நினைத்துவிட வேண்டாம். கருங்கடலை ஒட்டி, காகசஸ் மலைக்குத் தெற்கே இருக்கும் சின்ன நாடு இது. துபாய், அபுதாபியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நாலு நாள் லீவு கிடைத்தால் குடும்பத்தோடு கிளம்பும் இடங்களில் ஒன்று. அங்கே போகும் பலரும் தவறாமல் புக் செய்வது, தலைநகர் திபிலிசியிலிருந்து புறப்படும் ஒருநாள் ‘ஒயின் டூர்’.

காலையில் வேனில் ஏற்றுவார்கள். மலைமேல் இருக்கும் சிக்னாகி ஊரைக் காட்டுவார்கள். பிறகு ஒரு பெரிய ஒயினரி. வரிசையாக நாலு கிளாஸ், சின்ன விளக்கம், வெளியே வரும் வழியில் கடை. க்வரேலியில் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் இயங்கும் ஒயினரி, சினாண்டலியின் பழைய அரண்மனைத் தோட்டம் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால், ஜார்ஜியாவின் ஒயின் பழக்கம் உயிரோடு இருப்பது அங்கே அல்ல, கிராமத்து வீடுகளில்.

அந்த வீடுகளில் அப்படி என்ன இருக்கு?

வீட்டின் பின்கட்டிலோ, பக்கத்துக் கொட்டகையிலோ ‘மரானி’ என்ற அறை இருக்கும். உள்ளே போனால் பீப்பாய் எதுவும் கண்ணில் படாது. தரையில் வட்ட வட்டமாக மூடிகள் மட்டும் தெரியும். அதற்குக் கீழே கழுத்து வரை புதைக்கப்பட்ட ராட்சத மண்பானைகள். பெயர் ‘க்வெவ்ரி’. நம்மூர் அருங்காட்சியகத்தில் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு வடிவம் சட்டெனப் புரியும்.

திராட்சையை நசுக்கி, சாறு, தோல், விதை, காம்பு என எல்லாவற்றையும் இந்தத் தாழியில் போட்டு மூடிவிடுவார்கள். கிழக்கே இருக்கும் காக்கெத்தி பகுதியில் ஐந்தாறு மாதம் அப்படியே கிடக்கும். அதனால் வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின்கூட தேன் நிறத்தில், கட்டன் சாயா மாதிரி லேசான துவர்ப்போடு வரும். இந்த முறையை 2013-ல் யுனெஸ்கோ கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளை ஆராய்ந்து, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ஒயின் இருந்ததாக 2017-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

சோவியத் காலத்தில் இந்தப் பழக்கம் கிட்டத்தட்ட ஓரங்கட்டப்பட்டது. 500-க்கும் மேற்பட்ட உள்ளூர் திராட்சை ரகங்கள் கொண்ட நாட்டில், அரசு ஆலைகள் ஒருசில ரகங்களை மட்டும் வைத்து லட்சக்கணக்கில் பாட்டில்களைத் தள்ளின. தாழி முறையைக் காப்பாற்றியது, சொந்தத் தேவைக்காக வீட்டில் செய்துவந்த குடும்பங்களும் சில மடாலயங்களும்தான். 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. 2013 வரை அது நீடித்தது. பெரிய சந்தை கைவிட்டுப் போன அந்த நேரத்தில்தான் புதிய வாடிக்கையாளர்களைத் தேட வேண்டிய கட்டாயம் வந்தது, தாழி ஒயின் பக்கம் வெளியுலகம் திரும்பியது.

வருஷத்துக்குச் சில ஆயிரம் பாட்டில் மட்டும் செய்யும் ஒரு குடும்பத்துக்கு, வீடு தேடி வந்து வாங்குபவர் சும்மா ஒரு டூரிஸ்ட் இல்லை. இடையில் யாருக்கும் கமிஷன் போகாமல் முழுப் பணமும் கையில் கிடைக்கிற விற்பனை அதுதான்.

சரி, எங்கே தேடுவது?

முதல் வேலை, ஒருநாள் டூரை மறந்துவிடுங்கள். காக்கெத்தியின் முக்கிய ஊரான தெலாவியில் இரண்டு இரவு தங்கினாலே பாதி வேலை முடிந்தது. ஹோட்டலைவிட கெஸ்ட் ஹவுஸ் நல்லது. ‘இங்கே யார் வீட்டில் ஒயின் நல்லா இருக்கும்?’ என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கட்டாயம் செய்துகொண்டிருப்பார். தெலாவிக்குப் பக்கத்தில் வர்திசுபானி என்ற ஊரில் தாழி வனைபவர்களே இருக்கிறார்கள்.

இன்னொரு வழி, திபிலிசியில் முதல் நாள் மாலையே தொடங்குகிறது. சின்னத் தயாரிப்பாளர்களின் ஒயினை வைத்திருக்கும் பார்கள் அங்கே நிறைய. பிடித்த பாட்டிலின் லேபிளைப் போட்டோ எடுத்து, எந்த ஊர், யார் செய்தது என்று பார் ஊழியரிடமே கேளுங்கள். பலருக்கு அந்தக் குடும்பங்களை நேரடியாகத் தெரியும், போன் போட்டும் கொடுப்பார்கள். மே மாதம் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. திபிலிசியில் நடக்கும் ‘நியூ ஒயின் ஃபெஸ்டிவல்’ திருவிழாவில் சின்னத் தயாரிப்பாளர்களை ஒரே இடத்தில் சந்தித்துவிடலாம்.

மேப்பில் ‘ஒயினரி’ என்று தேடினால் பெரிய பெயர்கள்தான் முன்னால் வரும். ‘மரானி’ என்ற சொல்லோடு ஊர் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். சிக்னாகி போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய மனாவி, தெலாவிக்கும் க்வரேலிக்கும் இடையில் உள்ள வெலிஸ்ட்சிகே மாதிரி ஊர்களில் பெரும்பாலான வேன்கள் நிற்பதில்லை.

காக்கெத்தியே கூட்டமாகத் தெரிந்தால் மேற்கே இமெரெத்திக்குப் போகலாம். குட்டாய்சி நகரிலிருந்து டெர்ஜோலா, பக்தாதி பக்கம் போனால் சின்ன ஒயினரிகள் உண்டு. இங்கே தோலைக் குறைவாகச் சேர்ப்பதால் ஒயின் லேசாக இருக்கும். முதன்முறை ருசிப்பவர்களுக்கு இதுதான் எளிதில் பிடிக்கும்.

‘ஃபேமிலி ஒயினரி’ போர்டை நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வாசலில் அழகுக்கு ஒரு தாழியைச் சாய்த்து வைத்து, மொத்தமாக வாங்கிய ஒயினை ஊற்றிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. திராட்சை யாருடைய தோட்டத்தில் விளைந்தது, இந்த வருஷம் எத்தனை தாழி நிரப்பினீர்கள், எப்போது திறந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாலே போதும். செய்கிறவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும், பதிலும் நீளமாக வரும். விற்க மட்டும் தெரிந்தவர் உடனே விலைப்பட்டியலை எடுப்பார். மண்ணில் புதைத்து மூடிய தாழியைக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

முன்கூட்டிச் சொல்லாமல் போகவே கூடாது. இது கடை அல்ல, வீடு. ஒருநாள் முன்பாவது போன் செய்து, எத்தனை பேர், சாப்பாடு வேண்டுமா, கட்டணம் எவ்வளவு என்பதைப் பேசிவிடுங்கள். இளையவர்கள் பலர் ஆங்கிலம் பேசுவார்கள், பெரியவர்களுக்கு ரஷ்ய மொழிதான் வரும். கட்டணம் வேண்டாம் என்று சொன்னால் இரண்டு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு வருவது மரியாதை. லாரி நோட்டுகள் கையில் இருக்கட்டும், கார்டு எல்லா வீட்டிலும் செல்லாது.

செப்டம்பர், அக்டோபரில் ‘ர்த்வேலி’ எனும் அறுவடை. பார்க்க அருமையான காலம், ஆனால் வீட்டில் எல்லோரும் வேலையில் மும்முரமாக இருப்பார்கள். உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது வசந்தத்தில்தான். தாழியைத் திறக்கும் காலமும் அதுவே.

குடிக்காதவர்களும் தாராளமாகக் கூடப் போகலாம். வால்நட்டை நூலில் கோத்து, கெட்டியான திராட்சைப் பாகில் முக்கித் தொங்கவிடும் ‘சுர்ச்கெலா’ கிடைக்கும். சைவம் கேட்டால் கத்தரிக்காயில் வால்நட் விழுது வைத்த பதார்த்தம், பீன்ஸ் குழம்பு வரும். கூடவே ‘பூரி’யும் உண்டு. அவசரப்பட்டு உருளைக்கிழங்கு மசாலாவைத் தேட வேண்டாம், ஜார்ஜிய மொழியில் ‘பூரி’ என்றால் ரொட்டி.

வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டும் திட்டம் வேண்டாம். மலைப்பாதை வேறு. நாள் முழுக்க ஒரு டாக்ஸியைப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு வீடு போதும், மூன்றாவதில் என்ன ருசித்தோம் என்பதே நினைவிருக்காது.

ஊருக்கு வாங்கிவர நினைத்தால், இந்தியச் சுங்க விதிப்படி ஒருவர் வரி இல்லாமல் 2 லிட்டர் மது வரைதான் கொண்டுவரலாம். 750 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் அன்பாக ஊற்றிக் கொடுக்கும் வீட்டு ஒயின் பயணத்தில் தாங்காது. அதை கெஸ்ட் ஹவுஸிலேயே கொடுத்துவிட்டு வருவது நல்லது.