இளம் நட்சத்திரங்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் (பேஸ்பால்)

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் இளம் ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியோடு விலை பேசும் உரிமையைப் பெறப் பல ஆண்டுகள் ஆகும். அந்த நாள் வருவதற்கு வெகு முன்பே, இருக்கும் அணியே அவரோடு ஆறு, எட்டு, சில சமயம் பதினான்கு ஆண்டுகளுக்குக் கூட உடன்படிக்கை செய்துகொள்வது உண்டு. பேஸ்பால் வட்டாரத்தில் இதை ‘எக்ஸ்டென்ஷன்’ என்பார்கள். அணி இப்படிச் செய்யலாமா என்ற வாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அணிக்கு லாபமா, ஆட்டக்காரருக்கு நியாயமா என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ‘ஆம்’ என்பதே பதில். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

ஆறு ஆண்டுக் கட்டு

இந்த ஒப்பந்தங்களின் வேர் ஒரு பழைய விதியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1975 வரை, ஒரு கிளப்பில் கையெழுத்திட்டவர் அந்தக் கிளப் விடுவிக்கும்வரை அதற்கே சொந்தம். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃபிளட் என்ற நடு வெளிக்கள ஆட்டக்காரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது அவர் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்வு அதற்குள் முடிந்துவிட்டது. அவர் திறக்கப் பார்த்த கதவு 1975 டிசம்பரில் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரு பிட்சர்களுக்காக ஒரு நடுவர் சொன்ன தீர்ப்பில் திறந்தது. பிறகு கிளப்புகளும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி முடித்த ஏற்பாடுதான் இன்றும் நடப்பில் இருப்பது: மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்தவரே ‘ஃப்ரீ ஏஜென்ட்’, அதாவது எந்த அணியோடும் விலை பேசக்கூடியவர்.

முதல் மூன்று ஆண்டுகளில் சம்பளத்தைக் கிட்டத்தட்டக் கிளப்பே வைக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2024-இல் 7 லட்சத்து 40 ஆயிரம் டாலர். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பட்டம் வாங்கிய இளைஞருக்கும் சம்பளமாக அதை ஒட்டிய தொகைதான் கிடைக்கலாம். அடுத்த மூன்று ஆண்டுகள் ‘ஆர்பிட்ரேஷன்’ காலம். கிளப் ஒரு தொகை சொல்லும், ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார். நடுவர் குழு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கும், நடுவில் ஒரு தொகையை வைக்காது. ஆண்டுக்கு ஆண்டு சம்பளம் ஏறினாலும், வெளிச் சந்தை விலையை அது எட்டுவதில்லை.

ஓர் ஆண்டுச் சேவை என்பது 172 நாள். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்டைக் கீழ்நிலையான மைனர் லீக்கிலிருந்து ஏப்ரல் 17-ஆம் தேதிதான் மேலே அழைத்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தவை 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஓர் ஆண்டு தள்ளிப் போனது. அவர் முறையிட்டுத் தோற்றார். ஒரு நாளுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் இடத்தில், ஐந்தாறு ஆண்டுகளை முன்கூட்டியே வாங்கிவிடக் கிளப்புகள் ஏன் துடிக்கின்றன என்பது எளிதில் விளங்கும்.

கிளீவ்லாந்தில் தொடங்கியது

இதை ஒரு கொள்கையாகவே நடத்திக் காட்டியவர் ஜான் ஹார்ட். 1991-இல் கிளீவ்லாந்து அணியின் பொது மேலாளரான அவர் கையில் பணம் குறைவு. காலியான பெரிய மைதானம் ஒன்று, திறமையுள்ள பையன்கள் சிலர், அவ்வளவுதான். சாண்டி அலோமர், கார்லோஸ் பயேர்கா, சார்லஸ் நாகி போன்றவர்களை ஆர்பிட்ரேஷன் வருமுன்பே பல ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார். கென்னி லாஃப்டன், ஜிம் டோமி, மேனி ராமிரஸ் ஆகியோரும் அதே வழியில் வந்தார்கள். 1994-இல் புது மைதானம் திறந்தது. 1954-க்குப் பிறகு வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரின் பக்கமே போகாத அணி 1995-இலும் 1997-இலும் அங்கே போனது. இரண்டு முறையும் தோற்றாலும், 1995 முதல் 2001 வரை தொடர்ந்து 455 ஆட்டங்களுக்கு எல்லா டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. ‘இந்தப் பையன் அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பான்’ என்ற நம்பிக்கை ஓர் ஊரை மைதானத்துக்கு எப்படி இழுத்து வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்த பாய்ச்சல் டாம்பா பே ரேஸ் அணியில் நிகழ்ந்தது. 2008 ஏப்ரலில், மேஜர் லீக்கில் கால் வைத்து ஆறே நாளான எவன் லோங்கோரியாவுக்கு ஆறு ஆண்டுக்கு 1.75 கோடி டாலர் கொடுத்தார்கள். மேலும் மூன்று ஆண்டுகள் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் கிளப்புக்கே. ‘கிளப் ஆப்ஷன்’ எனப்படும் இந்த உரிமையில்தான் கிளப்பின் லாபம் பெரிதும் ஒளிந்திருக்கிறது: ஆள் நன்றாக ஆடினால் பழைய விலைக்கு நீட்டிக்கலாம், ஆடாவிட்டால் விட்டுவிடலாம். லோங்கோரியா அந்த ஆண்டின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டில் அணி முதல் முறையாக வேர்ல்டு சீரிஸ் கண்டது.

ஒரே ஆள், இரண்டு ஒப்பந்தம்

நீண்ட ஒப்பந்தத்தை இளமையில் செய்வதற்கும் முப்பதைத் தாண்டிய பிறகு செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆல்பர்ட் புஹோல்ஸின் வாழ்க்கை ஒன்றே காட்டிவிடும். 2004 பிப்ரவரியில், 24 வயதில், கார்டினல்ஸ் அவருக்கு ஏழு ஆண்டுக்கு 10 கோடி டாலர் தந்தது. அது அன்று பெரிய தொகை. எட்டாவது ஆண்டுக்கான ஆப்ஷனும் அதில் இருந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அவர் மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அணி 2006, 2011 ஆண்டுகளில் இரண்டு முறை கோப்பையை வென்றது. 2011 டிசம்பரில், 32 வயதைத் தொடும் நேரத்தில், ஏஞ்சல்ஸ் அணி பத்து ஆண்டுக்கு 24 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது. அங்கே பழைய புஹோல்ஸ் திரும்பி வரவில்லை. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள்.

பேட்டர்களின் உச்சம் பொதுவாக இருபதுகளின் பிற்பகுதியில் வருகிறது. ஆறு ஆண்டு முடித்து ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது பலருக்கும் வயது முப்பதை நெருங்கிவிடும். வெளிச் சந்தையில் வாங்கும் கிளப் இறங்குமுகத்துக்கு ஏறுமுகத்தின் விலையைக் கொடுக்கிறது. இளம் வயதில் ஒப்பந்தம் செய்த கிளப்போ ஏறுமுகத்தையே வாங்குகிறது. இந்த வாதம் ஒன்றே போதும், நல்ல பேட்டர் கையில் இருக்கும் அணி தயங்கக் கூடாது என்று சொல்ல.

அட்லாண்டா பிரேவ்ஸ் தயங்கவில்லை. 2019 ஏப்ரலில் 21 வயது ரொனால்ட் அகூன்யா ஜூனியருக்கு எட்டு ஆண்டு, 10 கோடி டாலர். அதே மாதம் 22 வயது ஓஸி ஆல்பீஸுக்கு ஏழு ஆண்டு, 3.5 கோடி. 2022-இல் ஆஸ்டின் ரைலிக்குப் பத்து ஆண்டு, 21.2 கோடி, மைக்கேல் ஹாரிஸுக்கு எட்டு ஆண்டு, 7.2 கோடி. 2021-இல் அணி கோப்பையை வென்றது. 2023-இல் அகூன்யா 41 ஹோம் ரன், 73 தளத் திருட்டு என்று ஒரே பருவத்தில் யாரும் அதுவரை செய்யாததைச் செய்தார்.

தவறிப் போனவை

எல்லாம் இப்படி இனிக்கவில்லை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2014 ஜூனில் ஜான் சிங்கிள்டனுக்கு, அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கும் முன், ஐந்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தந்தது. அறிமுகத்துக்கு முன்பே இப்படி ஒப்பந்தம் பெற்ற முதல் ஆள் அவர். அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .168. ஃபில்லீஸின் ஸ்காட் கிங்கரி, மரினர்ஸின் எவன் வைட் இருவரும் இதேபோல் ஆடும் முன்பே ஆறு ஆண்டுக்கு 2.4 கோடி வாங்கினார்கள், இருவருமே நிலைக்கவில்லை. மறுபுறம் மில்வாக்கி ப்ரூயர்ஸ் 2023 டிசம்பரில் 19 வயது ஜாக்சன் சூரியோவுக்கு எட்டு ஆண்டு, 8.2 கோடி என்று துணிந்தது. அவர் முதல் ஆண்டிலேயே 20 ஹோம் ரன், 20 தளத் திருட்டு இரண்டையும் தாண்டினார். மைனர் லீக்கில் அடித்ததை மட்டும் நம்பிப் போடும் பணம் சூதாட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு முழுப் பருவம் மேலே ஆடவிட்டு, எதிரணி பிட்சர்கள் அவருடைய பலவீனத்தைக் கண்டுபிடித்த பிறகு அவர் எப்படி மாறிக்கொள்கிறார் என்று பார்த்துக் கையெழுத்திடுவதே நல்லது. விலை கொஞ்சம் கூடும்; கூடட்டும்.

ஆட்டத்துக்கு வெளியே இருந்து வரும் ஆபத்தை எந்தக் கணக்கும் பிடிக்காது. 2021 பிப்ரவரியில் சான் டியாகோ பாட்ரெஸிடம் 14 ஆண்டுக்கு 34 கோடி டாலர் பெற்ற ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர், 2022-இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 80 ஆட்டத் தடை வாங்கினார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து நிமிர்ந்தார். டாம்பா பே 2021 நவம்பரில் 11 ஆண்டுக்கு 18.2 கோடி எழுதிக் கொடுத்த வாண்டர் ஃப்ராங்கோ, 2023 ஆகஸ்டில் தொடங்கிய குற்ற விசாரணைக்குப் பிறகு அணிக்காகக் களமிறங்கவில்லை.

பிட்சர்கள் விஷயத்தில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். முழங்கைத் தசைநார் எந்தப் பந்தில் அறும் என்று யாரும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் ஆறு ஆண்டுக்கு 7.5 கோடி பெற்ற ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கு 2024 ஏப்ரலில் முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது.

கையெழுத்திடுபவரின் பக்கம்

ஆல்பீஸின் ஒப்பந்தம் வெளியானபோது பேஸ்பால் உலகமே திகைத்தது. ஏழு ஆண்டுக்கும் சேர்த்து 3.5 கோடி; அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குத் தலா 70 லட்சம் என்று கிளப் ஆப்ஷன். 2023-இல் அவர் 33 ஹோம் ரன் அடித்தார். ஹுவான் சோட்டோ ஆர்பிட்ரேஷன் வழியாகவே 2024 என்ற ஒரே ஆண்டுக்கு 3.1 கோடி பெற்றதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சோட்டோ காத்திருந்தவர். 2022-இல், 23 வயதில், வாஷிங்டன் நேஷனல்ஸ் நீட்டிய 15 ஆண்டு, 44 கோடி டாலரை மறுத்தார். அணி அவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸோடு 15 ஆண்டுக்கு 76.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஆனால் எல்லோராலும் சோட்டோ ஆக முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். முதன்முதலில் ஓர் அணியில் கையெழுத்திட்டபோதே சோட்டோவுக்கு 15 லட்சம் டாலர் கிடைத்திருந்தது. வெனிசுவேலாவிலிருந்து வந்த அகூன்யாவுக்குக் கிடைத்ததோ ஒரு லட்சம். 2023-க்கு முன் மைனர் லீக்கின் மேல்தட்டில்கூட ஆண்டுச் சம்பளம் 17,500 டாலர்தான். டாட்டிஸ் மைனர் லீக்கில் இருந்த காலத்தில் ஒரு நிறுவனத்திடம் முன்பணம் வாங்கி, எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்தவர். கையில் ஒன்றும் இல்லாதவருக்கு நாளைய இருபது கோடியைவிட இன்றைய மூன்று கோடி பெரிது. இந்த அவசரத்தைத்தான் கிளப் வாங்குகிறது. காயத்துக்கு எதிரான காப்பீடு என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மையான காப்பீடுதான், ஆனால் பிரீமியம் மிக அதிகம்.

இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் வைக்கும் ஒப்பந்தங்கள் அண்மையில் வந்திருக்கின்றன. சியாட்டிலின் ஹூலியோ ரோட்ரிகஸுக்கு 2022-இல் உறுதியானது சுமார் 20.9 கோடி, விருது வாக்கெடுப்பில் அவர் பெறும் இடத்தைப் பொறுத்து அது 47 கோடி வரை ஏறக்கூடும். கான்சஸ் சிட்டியின் பாபி விட் ஜூனியர் 2024-இல் 11 ஆண்டுக்குச் சுமார் 28.9 கோடிக்கு ஒப்புக்கொண்டபோது, ஏழாவது ஆண்டு முதல் விலகிப் போகும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

சால்வடோர் பெரேஸ்

அதே கான்சஸ் சிட்டியில் நடந்த இன்னொரு கதை இந்தத் துறையில் மிக அரிது. கேட்சர் சால்வடோர் பெரேஸ் 2011-இல் 39 ஆட்டங்கள் மட்டும் ஆடியிருந்தார். 2012 பிப்ரவரியில், 21 வயதில், ஐந்து ஆண்டுக்கு 70 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். மூன்று கிளப் ஆப்ஷன்கள் வேறு. சில வாரங்களுக்குள் பயிற்சியில் இடது முழங்கால் சவ்வு கிழிந்தது. ஒரு கேட்சர் ஆட்டத்துக்கு ஆட்டம் நூறு தடவைக்கு மேல் குத்தவைத்து எழ வேண்டும். முழங்கால் போனால் பிழைப்பே போகும். ஒப்பந்தம் இருந்ததால் அவர் குடும்பத்தின் சோற்றுக்குக் குறை வந்திருக்காது. அந்த அளவில் அது நல்ல ஒப்பந்தம்.

ஆனால் முழங்கால் தேறியது. பெரேஸ் ஆல்-ஸ்டார் ஆனார், தங்கக் கையுறை விருதுகள் வாங்கினார், 2015-இல் கோப்பையை வென்ற அணியில் வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். சம்பளம் மட்டும் 2012-இல் எழுதியபடியே இருந்தது. சட்டப்படி கிளப் எதுவும் செய்ய வேண்டியதில்லை; இன்னும் நான்கு ஆண்டுகள் மலிவு விலையிலேயே வைத்திருக்கலாம். 2016 மார்ச்சில் அவர்கள் அந்த ஆப்ஷன்களை ஒதுக்கிவைத்து, 2017 முதல் ஐந்து ஆண்டுக்கு 5.25 கோடி டாலர் என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். 2021-இல் மேலும் நான்கு ஆண்டுக்கு 8.2 கோடி. அந்த ஆண்டு பெரேஸ் 48 ஹோம் ரன் அடித்தார்.