பூமிக்கடியில் இருந்த பள்ளிக்கூடம்

கோலார் தங்கவயலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்ததையும், 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பிவழியே மின்சாரம் வந்ததையும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்து உலகப் பிரசித்தி பெற்றதையும் விஸ்தாரமாகச் சொல்லுவார்கள். அந்தப் பாதாளத்தில் இறங்கி வேலைசெய்தவன் தன் தொழிலை யாரிடம் கற்றான் என்பதை மட்டும் பேசாமல் கடந்துவிடுவார்கள்.

வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து, பஞ்சத்துக்கும் பண்ணைக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், மூங்கில் தட்டியால் அடைத்த லைன் வீடுகளில் குடியேறினார்கள். அவர்களுக்கு மேஸ்திரியே குரு. மேற்கூரைப் பாறையைக் கம்பியால் தட்டி, ஓசை கணீரென்றால் திடமானது, பொத்தென்றால் பிளந்து நிற்பது என்று அறிவதும், முட்டுக்கொடுத்த மரம் முனகும்போதே விலகிக்கொள்ளுவதும் எந்தப் புஸ்தகத்திலும் படித்து வந்த வித்தைகள் அல்ல. தகப்பனிடமிருந்து மகனுக்குப் பரம்பரையாக இறங்கிய பாடங்கள். தவறாகப் படித்தவனுக்கு மறுபரீட்சை கிடையாது.

ஆயினும் அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் சீமையில், காம்போர்ன் என்னும் ஊரில் 1888 முதலே சுரங்கப் பள்ளி ஒன்று நடந்துவந்தது. அந்தச் சீமையிலிருந்து வந்தவர்களும் பிற ஐரோப்பியரும் மேல் உத்தியோகங்களில் அமர்ந்தார்கள், அவர்களுக்கு அடுத்தபடி ஆங்கிலோ இந்தியர். 1926இல் தன்பாத்தில் சர்க்கார் சுரங்கக் கல்லூரியைத் திறந்தபோதும், இங்கிலீஷ் படிப்புக்கே வழியற்ற லைன் பிள்ளைக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. கம்பெனி அவன் தகப்பனிடம் கேட்டது கையெழுத்தையன்று, கைரேகையை. அதை எதிர்த்தே 1930இல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

எழுத்தை அந்த ஜனங்கள் தாமாகவே தேடிக்கொண்டார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அயோத்திதாச பண்டிதரைப் பின்பற்றிய சாக்கிய பௌத்தர்கள் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் சங்கம் நடத்தினார்கள். பண்டிதர் மறைந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பின், 1926இல், அவர்களில் ஒருவரான அப்பாதுரையார் பண்டிதருடைய ‘தமிழன்’ பத்திரிகைக்குத் தங்கவயலிலிருந்து மறுபடியும் உயிர்கொடுத்தார். சுரங்க முதலாளிகள் செய்யத் தவறியதைச் சுரங்கக் கூலியின் காசு செய்தது என்பது என் அபிப்பிராயம்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் ராஜ்யத்தின் வசமாயின. மறுவருஷமே தங்கவயலின் ஊரகம் பகுதியில் சுரங்கத் தொழிற்பள்ளி எழுந்தது. நில அளவையும் காற்றோட்டமும் வெடிவைப்பும் வகுப்பில் கேட்டவன், கூண்டில் இறங்கி அவற்றை நேரில் காணுவதற்கு நடை தூரத்திலேயே சுரங்கம் இருந்தது. 1952ஆம் வருஷச் சுரங்கச் சட்டத்தின்கீழ் தகுதிச் சான்று பெறுவதற்குப் பரீட்சையும் வேண்டும், பூமிக்கடியிலே பழகிய அனுபவமும் வேண்டும்; ஆகையால் ஏடும் உளியும் ஒன்றையொன்று விட்டு வாழ முடியாத நிலைமை உண்டாயிற்று. எண்பது வருஷத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டிய கலியாணம் அது. பின்னர் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பெமல் ஆலை வந்தது. 1986இல் பொறியியற் கல்லூரியும், 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் ஆராய்ச்சி நிலையமும் வந்தன.

ஆனால் ஒரே தொழிலை நம்பிக் கட்டிய கல்விக்கு அந்தத் தொழிலின் ஆயுளே எல்லை என்பதை அதிகாரிகள் யோசித்ததாகத் தெரியவில்லை. தாது மெலிந்தது, ஆழம் கூடியது, செலவு ஏறியது. 28 பிப்ரவரி 2001இல், பின்னாளில் இந்தச் சுரங்கங்களை நடத்திவந்த பாரத தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மாற்றுத் தொழிலுக்கு ஊரைத் தயார்செய்ய வேண்டியவர்கள், மூடுவதற்கு வேண்டிய காகிதங்களை மட்டுமே தயார்செய்தார்கள்.

சுரங்கத்துக்காக 1894இல் போட்ட இருப்புப்பாதை அப்படியே இருக்கிறது. லைன்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன்னே எழுந்து, அந்தப் பாதையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.