கண் தேவைப்பட்ட எச்சரிக்கை

2006 ஜூலையில் இலங்கையின் கிழக்கே மாவிலாற்றில் அரசுப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மூண்ட சண்டை ஈச்சிலம்பற்று மக்களை வெருகலாறு கடந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் விரட்டியது. 2007இல் திரும்பியோருக்கு நிவாரணம் குடும்பக் கணக்கில் அளக்கப்பட்டது. பார்வையற்றவர் வாழும் வீட்டுக்கு அந்த அளவு போதாது. கிணறு, வேலி, ஒழுங்கை என்று காலும் காதும் பழகிய ஊர் சிதைந்தபின், பிறந்த மண்ணும் அவருக்குப் புது இடமே. கண்ணிவெடியைச் சுட்டும் மண்டையோட்டுப் பலகையோ பார்வையுள்ளவரை மட்டுமே எச்சரிக்கும்.

எல்லோரும் எல்லாமும் இழந்தபோது பார்வையற்றவருக்கு மட்டும் தனிச்சலுகை எதற்கு என்பார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அதை ஏற்கெனவே உரிமையாக்கியிருந்தது. கல்வி, வேலை, பொது இடங்களில் காக்கப்பட்ட உரிமை மீள்குடியேற்றத்தில் நின்றுவிட நியாயமில்லை. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது வலுவான மறுப்பு. பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் கைபிடித்து நடத்த ஒருவர் வீட்டில் நின்றால், வயலுக்கோ கடலுக்கோ போகும் உழைப்பு ஒன்று குறைகிறது. அந்தக் கூலியையும் சேர்த்தே உதவியை அளந்திருக்க வேண்டும்.