பின்னால் பார்க்கும் காது

ஆம்பூரில் மாலை ஐந்தரைக்கு மேல் காரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் விட்டு வேன்களும் ஸ்கூட்டிகளும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிடும். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் வண்டிக்குள் 'டிட்... டிட்...' என்று தொடங்குவது, நாம் ஓரடி நகர்வதற்குள் 'டீ...' என்று ஒரே இழுப்பாக நீண்டுவிடும். பின்னால் கிடைக்கும் சந்தில் ஒரு பைக் நுழையும். அது போனால் இன்னொன்று. அப்புறம் தள்ளுவண்டி. சத்தம் ஓய்வதே இல்லை.

இந்த வட்டாரத்தில் இருபது வருஷமாக வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர், ரிவர்ஸ் போட்டதும் முதலில் சென்சார் பொத்தானை அமுக்கி அணைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "எப்பவும் கத்திக்கிட்டே இருக்கு சார். எது நெசமாக் கத்துது, எது சும்மாக் கத்துதுன்னு நான் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?" என்றார். பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கோபப்பட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. இந்தச் சத்தம் எங்கே பிறந்து எப்படி இந்தத் தெருவரை வந்தது என்று தேடத் தொடங்கியது அதனால்தான்.

வேர் வௌவாலில் இருக்கிறது. 1790களில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, கண் தெரியாத வௌவாலும் இருட்டறையில் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டார். ஜெனீவாவின் ஜூரின் அதன் காதை அடைத்தபோது அது முட்டி மோதியது. காதால் எப்படிப் பார்க்க முடியும் என்பது 1938 வரை புதிர்தான். அந்த ஆண்டுதான் ஹார்வர்ட் மாணவர் டொனால்ட் கிரிஃபின், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவியின் முன்னே வௌவாலைக் கொண்டுபோனார். வௌவால் ஓயாமல் கத்திக்கொண்டு, தன் எதிரொலியைக் கேட்டே பறக்கிறது என்பது தெரிந்தது.

அங்கிருந்து கதை நேராகக் காருக்கு வரவில்லை, பார்வையற்றவர்களிடம் போனது. என்னை மிகவும் நெகிழ வைத்த பகுதி இதுதான். 1970களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், பார்வையற்றோர் தனியே நடமாட உதவும் ஆய்வுப் பிரிவில் டோனி ஹேய்ஸ் என்பவர் வேலை பார்த்தார். தலையில் அணிந்துகொள்ளும் ஒரு கருவியை அவர் உருவாக்கினார். தடையை நெருங்க நெருங்க, ஸ்வர வரிசை ஒவ்வொரு படியாக இறங்குவதுபோல் காதில் ஒலி கேட்கும். பார்வையற்றவருக்குக் காதுதான் தெரு. வண்டி வருவதும், ஆள் பேசுவதும், சுவர் முடிந்து சந்து திறப்பதும் அவருக்குக் காது வழியாகத்தான் தெரியும். அந்தக் காதைக் கருவி அடைத்துவிடக் கூடாது. எனவே எல்லாவற்றையும் சொல்லாமல், அப்போது எது முக்கியமோ அதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கும்படி அதை அமைத்தார். தடை இல்லாத இடத்தில் அது மௌனமாக இருக்கும். அந்த மௌனமும் ஒரு செய்திதான்: 'வழி இருக்கிறது, நட'.

இதே யோசனையைக் காரின் பின்புறத்துக்குக் கொண்டுவந்து 1983இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. ஜப்பானில் 1982லேயே டொயோட்டா கொரோனா காரில் பின்புற ஒலியுணரி வந்திருந்தது. 1990களில் ஜெர்மனியின் விலையுயர்ந்த கார்களுக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல எல்லோருக்கும் இறங்கியது.

நம் ஊரில் அதற்கு முன்பு இருந்தது வேறு சத்தம். ரிவர்ஸ் போட்டால் ஆம்னி வேன் பாட்டுப் பாடும், லாரி 'பீப் பீப்' என்னும். அதற்கும் ஒரு ஜப்பானிய மூதாதை உண்டு: 1963இல் யமாகுச்சி என்பவர் உருவாக்கிய பின்னோட்ட ஒலிப்பான். அந்தச் சத்தம் வெளியே நிற்பவருக்கானது. 'நான் வருகிறேன், நீ விலகு' என்பதே அதன் பொருள். சென்சார் வந்ததும் சத்தம் வண்டிக்குள் திரும்பி, 'அங்கே ஆள் இருக்கிறார், நீ நில்' என்று ஓட்டுபவரிடம் பேசியது. பொறுப்பு வெளியே நிற்பவரிடமிருந்து ஓட்டுபவரிடம் மாறியது. இது சிறிய மாற்றமில்லை என்பது என் எண்ணம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும், விலை குறைந்த மாடலிலும்கூட, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்று மத்திய அரசு விதித்தது. ஓட்டுநர் ஏர்பேக்கும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும், சீட் பெல்ட் நினைவூட்டலும் அதே நாளில் வந்தன. நல்ல சட்டம். வீட்டு வாசலில், சொந்தக்காரரின் வண்டிக்கடியில் சிக்கிக் குழந்தை சாவதைத் தடுக்க எதைச் செய்தாலும் தகும்.

அப்புறம் ஏன் அந்த அண்ணன் அதை அணைக்கிறார்?

பம்பரில் இருக்கும் அந்தக் கறுப்புப் பொட்டுகள் நொடிக்கு 40,000 அதிர்வுக்கும் மேலான ஒலியை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கின்றன. ஒரு மீட்டரில் சுவர் இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. கணக்கு சுத்தமானது. ஆனால் எதிரொலி கொடுக்கும் பொருள் மட்டுமே அதற்குத் தெரியும். தட்டையான சுவர் நன்றாகத் திருப்பித் தரும். மின்கம்பத்தின் ஸ்டே கம்பி மெலிசு, அதிலிருந்து எதிரொலி சரியாக வராது. துணி, பஞ்சு போன்ற மெத்தென்ற பொருள்கள் ஒலியை விழுங்கிக்கொள்ளும். லாரியின் பின்பலகை பம்பரைவிட உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் ஒலி அதற்கடியில் போய்விடும். மறுபக்கம், வீட்டு வாசலின் சரிவு மேடு, ஓரத்தில் வளைந்து நிற்கும் முள்செடி, பொட்டின் மேல் காய்ந்த சேறு, பக்கத்து லாரி ஏர் பிரேக்கின் சீறல் என்று ஆபத்தே இல்லாதவை எல்லாம் அதைக் கத்த வைக்கும்.

பள்ளம் அதற்குத் தெரியவே தெரியாது. நான் பட்டேன். மூடியில்லாத சாக்கடை ஓரம், மழை நின்ற சாயங்காலம். வண்டிக்குள் முழு அமைதி. அந்த அமைதியை நம்பி இன்னும் இரண்டடி வந்தேன், பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியது. டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். எதிரொலிக்க ஏதும் இல்லாத இடத்தை 'வழி இருக்கிறது' என்றே அது சொல்லும். கோடு போட்டு, மட்டமாகத் தார் ஊற்றிய நிறுத்துமிடத்தில் வளர்ந்த பொருள் அது. நம் தெருவில் பாதி ஆபத்து தரைக்குக் கீழே இருக்கிறது.

எச்சரிக்கை வராமல் போவதை யோசிக்கும்போதெல்லாம் வேலூரின் பால் பிராண்ட் நினைவுக்கு வருகிறார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் அவர், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் நின்றபோது, நோயுள்ள ஒரு சிறுவன் வந்து சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால் சாவி சதையைக் கிழித்து எலும்புவரை போயிருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. சதை அழுகுவது நோயால் அல்ல, வலி தெரியாததால்தான் என்று பிராண்ட் உறுதியாகப் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட காட்சிகள் காரணமாயின. செருப்புக்குள் ஆணி குத்தினாலும் தெரியாமல் நடப்பவர்களுக்காக, காட்பாடி பக்கத்துக் கரிகிரி மருத்துவமனையில் மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள். உலகத்துக்கே ஷூ தைக்கும் இந்தத் தோல் பூமியில், ஒரு காலணி காலைக் காப்பாற்றப் பிறந்தது.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே செயற்கை வலியை உண்டாக்கப் பார்த்தார். கையுறையில் சென்சார்கள் வைத்து, அழுத்தம் கூடினால் காதில் சத்தம் கேட்கச் செய்தார்கள். நோயாளிகள் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரிய வைத்தும் பலனில்லை. கடைசியில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் கருவியை அணைத்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்து முடித்து, திரும்பவும் போட்டுக்கொண்டாராம். பல ஆண்டு உழைப்பை பிராண்ட் கைவிட வேண்டியிருந்தது. அணைக்க முடிகிற எச்சரிக்கை வலியின் வேலையைச் செய்யாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஆம்பூர் அண்ணன் அமுக்கும் பொத்தானும் எனக்கு அதே பொத்தானாகத்தான் தெரிகிறது. ஆனால் பிராண்டின் முடிவைக் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பொத்தானைப் பிடுங்கிவிட்டால் ஓட்டுபவரின் காதே மரத்துப்போகும். ஹேய்ஸ் தன் கருவிக்குக் கொடுத்திருந்த அடக்கம்தான் இங்கே தொலைந்துபோனது. நிற்கிற வண்டிக்குப் பின்னால் கடந்துபோகும் பைக்கையும், நகர்கிற வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் ஒரே குரலில் சொல்லும் கருவியை எத்தனை நாள் நம்புவது? சென்சார் செய்பவர்கள் வந்து ஒரு மாலை முழுக்க நம் தெருவில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். சாக்கடைக்கு மூடி போடவேண்டியவர்களும் கூட வந்தால் நல்லது.

போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பக்கச் சந்தில்தான் இடம் இருந்தது. சென்சார் ஆரம்பத்திலிருந்தே ஒரே இழுப்பில் கத்தியது, நான் அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன். வாட்ச்மேன் பெரியவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"வாங்க பாய், வாங்க... வாங்க... இன்னும் மூணடி இருக்கு, தைரியமா வாங்க... ரைட்டுல ஒடிங்க, லெஃப்ட்ல சாக்கடை... மெதுவா... மெதுவா... ஹோல்டான்!"

டிக்கியில் இரண்டு தட்டு விழுந்தது. வண்டியை நிறுத்தினேன்.