துழாவலும் வலித்தலும்: காவிரிப் பரிசல் கொண்டு ஓர் ஆய்வு

தமிழ் அகராதிகள் 'துடுப்பு' என்னும் சொல்லுக்கும் 'தண்டு' என்னும் சொல்லுக்கும் படகு செலுத்தும் கருவி என்றே பொதுவாகப் பொருள் கூறிச் செல்லும். உரையாசிரியர் சிலரும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதுவர். ஆயின் இவ்விரண்டும் ஒரு கருவியல்ல. இவற்றால் நிகழும் தொழிலும் ஒன்றல்ல. இரண்டிலும் மனித ஆற்றல் நீரின்மேல் செல்லும் வழி வெவ்வேறு. அவ்வேறுபாட்டைச் சொற்களே காட்டுகின்றன என்பதையும், அதனை உணர்தற்கு நூல்களோடு ஆற்றையும் நோக்குதல் வேண்டும் என்பதையும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சான்றாக எடுத்துக்கொண்ட இடம் தமிழகத்தின் வடமேற்கு எல்லைப் பகுதி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகத் தெற்கே செல்லும் சாலை காவிரிக் கரையை அடைகின்றது. கன்னட நாட்டிலிருந்து வரும் ஆறு தமிழக எல்லையைத் தொடும் பிலிகுண்டுலுவும், அதன் கீழே ஒகேனக்கல்லும் இப்பகுதியில் உள்ளன. 2007-ஆம் ஆண்டு நடுவர்மன்றத் தீர்ப்பும் 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பும் தமிழகத்திற்கு உரிய நீரை அளந்தறியும் இடமாகப் பிலிகுண்டுலுவையே கொண்டன. 2004-இல் தருமபுரி மாவட்டத்தினின்றும் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஒகேனக்கல் தருமபுரியிலேயே நின்றது. ஆட்சி எல்லைகள் மாறினும் மக்கள் வழக்கு அவ்வெல்லைகளுக்குள் அடங்குவதன்று. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நிலம் இது. ஆதலின் ஒரு தொழிலின் சொற்களை மும்மொழியிலும் வைத்து ஒப்பிடுதற்கு இதனினும் தக்க இடம் அரிது.

இவ்வாற்றில் இயங்குவது பரிசல். தமிழில் பரிசல் எனவும், கன்னடத்தில் அரிகோலு எனவும், தெலுங்கில் புட்டி எனவும் இது வழங்கும். மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வட்டமான கூடையாக்கி, அடிப்புறத்தைத் தோலால் போர்த்தல் பழைய முறை. பிற்காலத்தில் தோலின் இடத்தைத் தார் பூசிய துணியும் நெகிழித் தாளும் பெற்றன. ஒகேனக்கற் பரிசலின் குறுக்களவு ஏறத்தாழ 7 அடி. ஒருவர் தலைமேற் கவிழ்த்துச் சுமந்து செல்லும் அளவு இது இலேசானது. இதற்கு முன்பின் என்னும் வேறுபாடில்லை; அடிக்கட்டை இல்லை; சுக்கானும் இல்லை. பாறை மிகுந்த, ஆழங்குறைந்த ஆற்றில் இக்குறைகளே நிறைகளாகின்றன. ஆனால் செலுத்துவோனுக்கு இவை பெருஞ்சிக்கலை உண்டாக்குகின்றன. நீண்ட படகு தன் வடிவத்தாலேயே நேர்வழியைக் காக்கும். வட்டப் படகிற்கு அக்காப்பு இல்லை.

இச்சிக்கலை அயல்நாட்டார் நெடுங்காலமாகக் கண்டு எழுதியுள்ளனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு பாபிலோன் நாட்டுத் தோற்படகுகள் கேடயம்போல் வட்டமானவை என்று குறித்தார். இருவர் நின்று செலுத்துவர் எனவும், ஒருவர் துடுப்பை உள்நோக்கி இழுக்க மற்றவர் வெளிநோக்கித் தள்ளுவர் எனவும் அவர் கூறுகின்றார். ஒருவர் விசையால் எழும் சுழற்சியை மற்றவர் விசை மாற்றுதற்கே இவ்வாறு செய்தனர் என்று கொள்ளற்கு இடமுண்டு. கி.பி. 1520-ஐ ஒட்டி விசயநகரம் வந்த போர்த்துகீசியரான தொமிங்கோ பாயசு, பிரம்பாற் செய்து தோல் போர்த்த கூடைபோன்ற ஓடங்களில் மக்கள் ஆனைகுந்திக்கு ஆற்றைக் கடந்ததைக் கண்டார். அவை பதினைந்து இருபது பேரை ஏற்கும். ஏனைய படகுகளைப்போல் நேரே செல்லாமல் எப்போதும் சுழன்றுகொண்டேயிருக்கும் என்பது அவர் குறிப்பு. 1803-இல் மராட்டியப் போரின்போது ஆர்தர் வெல்லெசுலியின் படை கோதாவரியைக் கடந்ததும் தோல் போர்த்த கூடைப் படகுகளாலேயே ஆகும். பாயசின் குறிப்பு உண்மையே. எனினும் அது பரிசலின் இயல்பைச் சொல்கின்றதே யன்றிப் பரிசலோட்டியின் திறத்தைச் சொல்லவில்லை.

அத்திறம் யாது? 7 அடிக் குறுக்களவுடைய பரிசலின் பக்கவிளிம்பில் துடுப்பிட்டுப் பின்னோக்கி இழுத்தால், அவ்விசை நடுப்புள்ளியிலிருந்து மூன்றரை அடிக்கு அப்பால் செல்லும். அவ்விடைவெளி நெம்பாக நின்று, உழைப்பிற் பெரும்பகுதியைச் சுழற்சிக்கே செலவிடும். வலிமை மிக்கவன் அவ்வாறு துடுப்பிடின் பரிசல் மிகுதியாகச் சுழலுமேயன்றி மிகுதியாக முன்செல்லாது. ஆதலால் பரிசலோட்டி செல்லும் திசையை நோக்கி முன்விளிம்பருகே அமர்கின்றான். துடுப்பைத் தனக்கு முன்னே நீட்டி ஊன்றித் தன்னை நோக்கி ஈர்க்கின்றான். இப்போது விசை செல்லும் கோடு பரிசலின் நடுவை ஒட்டிச் செல்கின்றது, நெம்பு குறைகின்றது, உழைப்பு முன்செலவாகின்றது. எஞ்சிய சிறு சுழற்சியை மறுபக்கம் இடும் அடுத்த வீச்சு நேர்செய்கின்றது.

ஒரு வீச்சினை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது ஊன்றல். துடுப்பின் இலை முழுதும் நீரில் அமிழும்வரை விசை கூடாது. அதன் முன்னர்ச் செலுத்தும் விசை நீரைச் சிதறடிப்பதோடு ஒழியும். இரண்டாவது ஈர்த்தல். இலை செல்திசைக்குக் குறுக்காகவும் நேர்நிமிர்ந்தும் நிற்கும் இடைப்பொழுதே ஆற்றல் முழுமையும் பயன்படும் பொழுது. அப்பொழுது கையோடு இடுப்பும் முதுகும் சேர்ந்து தொழிற்படுதல் வேண்டும்; கை மட்டும் இழுப்பின் விரைவிற் சோரும். மூன்றாவது விடுத்தல். இலை உடலைக் கடந்து பின்செல்லுமாயின் நீரை மேலே அள்ளும், பரிசலையும் திருப்பும். ஆகவே அதற்குமுன் எடுத்துவிடல் வேண்டும். காண வருவோர் மகிழப் பரிசலைச் சுழற்றிக் காட்டும்போது ஓட்டி ஒருபக்கமாகவே துடுப்பிடுகின்றான். நேர்செலவில் நீக்க வேண்டிய பிழையே ஆண்டு வேண்டிச் செய்யப்படுகின்றது. துடுப்பை நீரினின்றும் எடாமலே முன்விளிம்பில் 8 என்னும் எண்ணின் வடிவாக இருபுறமும் அளைந்து செலுத்தும் முறையும் பரிசல்களுக்கு உண்டு.

இனித் தண்டு வலித்தலை நோக்குவோம். 1867-இல் தோன்றிய சென்னைப் படகுக் கழகத்தார் அடையாற்றில் ஓட்டும் பந்தயப் படகை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுத் தண்டு படகோடு ஒரு தாங்கியிற் பொருத்தப்பட்டுள்ளது. வலிப்போன் செல்திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து, காலை உதைத்து, தண்டின் பிடியை மார்பை நோக்கி வலிக்கின்றான். தண்டு நெம்புகோலாகிப் படகின்மேலேயே தன் விசையை ஏற்றுகின்றது. இலை குறுக்காக நிற்கும் இடைப்பொழுதே சிறந்தது என்னும் விதி இதற்கும் பொருந்தும். ஈர்ப்பு இரண்டிற்கும் பொதுவே. ஆயினும் துடுப்பிற்குப் படகிற் பிணைப்பில்லை. இரு கைகளுள் ஒன்று தாங்கியாகவும் மற்றொன்று விசையாகவும் நிற்கும். தண்டு ஒரே வட்டத்துள் இயங்கும். துடுப்போ வேண்டும் பக்கமெல்லாம் இயங்கும்.

இவ்வேறுபாட்டைச் சொற்கள் காத்து நிற்கின்றன. 'வலித்தல்' என்பது ஒரு திசையில் இழுத்தல். 'துழாவுதல்' என்பது அகப்பையாற் கிளறுதலையும் துடுப்பால் ஓடம் செலுத்துதலையும் ஒருங்கே குறிக்கும். மலையாளத்தில் 'துழ' என்பதே துடுப்பின் பெயர். தமிழில் 'துடுப்பு' சமையற் கருவிக்கும் ஓடக் கருவிக்கும் ஒரு பெயர். தெலுங்கில் 'தெட்டு' என்பதும் அவ்வாறே இரு பொருளும் தரும். கேழ்வரகுக் களியே முதன்மை உணவாக இருந்த இவ்வெல்லை நாட்டில், களி கிளறும் துடுப்பு வீடுதோறும் உண்டு. பானையில் களி திரளாமல் அதனைச் செலுத்தும் கையும், பரிசலின் முன்னே நீரை அளையும் கையும் ஏறத்தாழ ஒரே அசைவின.

வடிவ ஒப்புமையால் மட்டும் இப்பெயர் வந்தது எனச் சிலர் கூறலாம். பெயர்ச்சொல்லுக்கு அவ்விளக்கம் பொருந்தும். ஆனால் 'துழாவு' என்னும் வினைக்கு அது பொருந்தாது. வினை குறிப்பது வடிவத்தையன்று, அசைவையே. எனவே அசைவின் ஒப்புமையும் இப்பெயரீட்டிற்குக் காரணம் என்று கொள்ளுதலே பொருத்தமாம்.

இதனால் இலக்கிய ஆய்வுக்கும் ஒரு பயன் விளையும். சிலப்பதிகாரம் வையைத் துறையில் பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி என்பவற்றைக் கூறிக் கோவலனும் கண்ணகியும் மரப்புணையில் ஆறு கடந்ததையும் கூறுகின்றது. முகப்புடைய அம்பிக்கும் முகப்பற்ற புணைக்கும் செலுத்துமுறை ஒன்றாதல் இல்லை. ஆதலின் உரை வரைவோரும் அகராதி தொகுப்போரும் ஓடத்தின் வகையறிந்தே கருவியின் பொருளை வரைதல் வேண்டும். பிணைப்புடையது தண்டு, பிணைப்பற்றது துடுப்பு என்னும் அளவேனும் வேறுபடுத்தல் நலம்.

இவ்வாய்வுக்குக் காலம் நீண்டதன்று. நீர்த்தேக்க மீனவரிடையே கண்ணாடியிழைப் பரிசல்கள் பரவிவிட்டன. வெள்ளம் பெருகும் நாள்களில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டம் தடுக்கப்படுகின்றது. அந்நாள்களில் ஓட்டிகளுக்குக் கூலியில்லை. பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்பேட்டையில் நிலையான ஊதியம் தேடின் அதனைக் குறை கூறற்கில்லை. ஆனால் தந்தையின் கையிலுள்ள சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. வீச்சின் ஒவ்வொரு நிலைக்கும், நீரோட்டத்தின் ஒவ்வொரு வகைக்கும் மும்மொழி ஓட்டிகள் வழங்கும் சொற்களைக் கரையிலிருந்தே தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமையாகும். துடுப்பும் தண்டும் ஒன்றெனக் கருதிய பிழை, கரைக்குச் செல்லாமையால் விளைந்த பிழையே.